தம்பியைப் பார்த்துக்கொண்டால் என் ஊனம் குறைந்துவிடுமா?

மாற்றுத்திறனாளிகள் நலத்துறை ஆணையர் அவர்களுக்கும், வருவாய் நிர்வாக ஆணையர் அவர்களுக்கும் வணக்கம்.

இருவருக்கும் ஒரே மடலாக எழுதக் காரணம் இருக்கிறது. உங்கள் இரண்டு அலுவலகங்களும் ஒரே காமராஜர் சாலையில்தான் இருக்கின்றன. என் வீட்டுக் கணக்குதான் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

இளம்பிள்ளை வாதத்தில் என் இடது கால் சூம்பிப்போனது. மாற்றுத்திறனாளி அட்டையில் ஊனம் 60 சதவீதம். காலைத் தாங்கும் காலிப்பர் சட்டம் போட்டு நடப்பேன். வருவாய்த் துறை வழியாக மாற்றுத்திறனாளி பென்ஷன் மாதம் 1,500 ரூபாய் வருகிறது. பெயின்டராக இருந்த தம்பி சாரத்திலிருந்து விழுந்து தண்டுவடம் அடிபட்டுப் படுக்கையில் கிடக்கிறான். கையும் சரியாக வராது. அவனுக்கு நலத்துறையின் பராமரிப்பு உதவித்தொகை 2,000. வியாசர்பாடியில் வாடகைக்கு இருக்கும் எங்கள் இருவருக்கும் நிலையான வரவு இந்த 3,500தான்.

உயர் ஆதரவு தேவைப்படுவோரின், அதாவது அன்றாடக் காரியங்களுக்கே பிறர் துணை அதிகம் வேண்டியிருக்கும் தம்பி போன்றவர்களின், உதவியாளருக்கு மாதம் 1,000 ரூபாய் உண்டு என்று கேள்விப்பட்டு விசாரிக்கப் போனேன். உதவியாளர் யார் என்றார்கள். நான்தான் என்றேன். அங்கிருந்தவர் என் காலிப்பரைப் பார்த்தார். "ஏம்மா, ஒரு ஆளைத் தூக்கி இறக்குற தெம்பு இருக்கு, அதுக்குக் காசும் வருதுன்னா, உங்க பென்ஷன் எப்படி நிக்கும்?"

எந்த அரசாணையில் அப்படி இருக்கிறது என்று கேட்டேன். மேலே கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். அது ஆடி மாதம். இப்போது தை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நான் அவனைத் தூக்குவதில்லை. என்னால் முடியாது. முதுகுக்கடியில் மடித்துப் போட்ட போர்வையைப் பிடித்து, வலது காலைக் கட்டில் சட்டத்தில் முட்டுக்கொடுத்து, இழுத்துத் திருப்புகிறேன். படுக்கைப் புண் வராமலிருக்க இரவிலும் இரண்டு மணிக்கொரு முறை. காலையில் சக்கர நாற்காலிக்கு மாற்றப் பக்கத்து வீட்டுப் பையன் வருகிறான். பரீட்சை நாட்களில் அதுவும் இல்லை. இத்தனை செய்ததில் என் கால் ஒன்றும் நீளவில்லை. இடுப்பு வலி கூடியதுதான் மிச்சம்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பராமரிப்பாளர் யார் என்று சொல்லும்போதே, பெற்றோரும் குடும்பத்தாரும் அதில் அடக்கம், பணம் பெற்றாலும் பெறாவிட்டாலும் என்கிறது. அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு பராமரிப்பாளர் படியை உயர் ஆதரவு தேவைப்படும் மாற்றுத்திறனாளிக்கு உரியதாகவே பேசுகிறது. அப்படியானால் அந்த ஆயிரம் தம்பியின் பணம். என் கை வழியாகப் போகிறது, அவ்வளவுதான். அதை என் சம்பளம் என்று எப்படி எழுதுவீர்கள்? சம்பளம் என்றே வைத்துக்கொண்டாலும், ராத்திரி பகல் பார்க்கும் வேலைக்கு நாளொன்றுக்கு முப்பத்து மூன்று ரூபாய் சொச்சம்!

2023இல் மகளிர் உரிமைத்தொகை வந்தபோது, பராமரிப்பு உதவித்தொகை பெறுவோர் இருக்கும் வீடுகளும் விண்ணப்பிக்கலாம் என்று அரசே விலக்கு எழுதியது. அதைத்தான் இங்கேயும் கேட்கிறேன். உதவியாளர் படியை, உதவியாளராக இருக்கும் மாற்றுத்திறனாளியின் வருமானமாகக் கணக்கிடக் கூடாது, வேலை செய்யும் திறனுக்குச் சான்றாகவும் கொள்ளக் கூடாது என்று இரண்டு துறைகளும் சேர்ந்து எழுத்தில் தாருங்கள். தாலுகா அலுவலகத்தில் காட்ட ஒரு தாள் போதும். முடியாதென்றால் அதையும் எழுத்திலேயே சொல்லுங்கள்.

தம்பியின் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து பீரோவில் வைத்திருக்கிறேன். உதவியாளர் பெயர் என்ற இடத்தை மட்டும் இன்னும் நிரப்பவில்லை.

இப்படிக்கு,
வியாசர்பாடியிலிருந்து ஓர் அக்கா