கிரீன் ஆற்றங்கரை முகாமுக்குப் பாதை பிரியும் இடத்தில் ஒரு பலகை வையுங்கள்

மதிப்பிற்குரிய முகாம் நிர்வாக அலுவலர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் கிழக்கு யூட்டாவில், கிரீன் ஆற்றின் வளைவு ஒன்றில் நீங்கள் பராமரிக்கும் சிறு முகாமில் செப்டம்பரில் நான்கு இரவுகள் இருந்தோம். பதிவு செய்தது இரண்டு இரவுகளுக்கு. மற்ற இரண்டும், மண்பாதை நனைந்து வெளியே வர முடியாமல் மாட்டிக்கொண்டதால் சேர்ந்தவை என்பது உங்களுக்குத் தெரியும். ஆங்கிலத்தில் இரண்டு முறை எழுதினேன். சாலை நிலையைத் தெரிந்துகொள்வது பயணியின் பொறுப்பு என்று ஒரே ஒரு பதில் வந்தது. அதனால்தான் இந்தத் திறந்த மடல். தமிழில் எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. சால்ட் லேக் சிட்டியிலிருந்து, ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரையும் கூட்டிக்கொண்டு அங்கே போகும் தமிழ்க் குடும்பங்கள் இதைப் படிக்க வேண்டும்.

குழாய்த் தண்ணீர் கேட்கவில்லை. மின்சாரம் கேட்கவில்லை. பாதைக்குத் தார் போடச் சொல்லவில்லை, போடவும் கூடாது. கூடாரம் அடிக்க ஐந்தாறு இடம், நெருப்புக்கு இரும்பு வளையம், ஒரு குழிக் கழிப்பறை, காட்டன்வுட் மர நிழல். இரவில் ஆற்றின் சத்தம் மட்டும். அந்த இடம் அப்படியே இருக்கட்டும். நான் கேட்பது ஒரு பலகை. தார்ச்சாலையிலிருந்து மண்பாதை பிரியும் இடத்தில், இந்த மண் நனைந்தால் இரண்டு மூன்று நாள் வெளியே வர முடியாது, கூடுதல் தண்ணீர் கொண்டுபோங்கள் என்று ஒரு வரி. பாதையைக் கடைசியாகப் பார்த்த தேதி இன்னொரு வரி.

சனி இரவு முகாமில் பத்துத் தூறல்கூட விழவில்லை. வடக்கே மேட்டில் மின்னிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். ஞாயிறு காலையில் சாமான்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். மேட்டில் ஏறிய சிறிது தூரத்திலேயே சக்கரத்தில் மண் அப்பிக்கொண்டது. நான்கு சக்கரத்துக்கும் இன்ஜின் விசை போகிற வண்டிதான், ஆனாலும் பக்கவாட்டில் வழுக்கி ஓடைக்கரை ஓரம் வரை போய் நின்றது. அப்பா இறங்கி ஒரு கட்டி மண்ணை விரலால் நசுக்கிப் பார்த்தார். கோவில்பட்டிப் பக்கம் ஐம்பது வருஷம் விவசாயம் பார்த்தவர். "இது நம்மூர் கரிசல் மாதிரியேம்மா. காயாம வண்டிய எடுக்காத" என்றார். அவர் சொன்னது சரி. உங்கள் பாதையில் கிடக்கும் பெண்டோனைட் என்ற களிமண்ணிலும் எங்கள் ஊர்க் கரிசலிலும் இருப்பது ஒரே வகைக் களிமண் கனிமம். தண்ணீர் பட்டால் உப்பும், வழுக்கும், காய்ந்தால் வெடிக்கும். எழுபத்தொரு வயதுக்காரர் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்ததை, வருஷம் முழுக்க அந்தப் பாதையைப் பார்க்கிற உங்களால் ஒரு பலகையில் எழுத முடியாதா?

மெதுவாகப் பின்னால் எடுத்து முகாமுக்கே திரும்பினோம். ஐந்து பேர். ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் என்று கணக்குப் போட்டுக் கொண்டுவந்த தண்ணீரில் பத்து லிட்டர்தான் மிச்சம். ஆறு பக்கத்திலேயே ஓடுகிறது, ஆனால் மேட்டு மழை இறங்கி, தேங்காய் நார் ஊறிய தண்ணீர் மாதிரி கலங்கியிருந்தது. வடிகட்டி இரண்டு குவளைக்குள் அடைத்துக்கொண்டது. அப்பாவின் சவரப் பையில் படிகாரக் கல் இருந்தது. பாத்திரத்தில் ஆற்றுத் தண்ணீரை மொண்டு, கல்லை நான்கு சுற்றுச் சுற்றி ராத்திரி முழுக்க வைத்தோம். ஊரில் தேத்தாங்கொட்டை தேய்த்துத் தெளிய வைப்பார்களே, அப்படி. மேலே தெளிந்ததை மட்டும் இறுத்துக் கொதிக்க வைத்தோம். அடுப்பு வாயுவும் தீர்ந்துகொண்டே வந்தது.

திங்கட்கிழமை மத்தியானம் அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தவர் அப்படியே தடுமாறி மேசையைப் பிடித்தார். உதடு வெடித்திருந்தது. அப்போதுதான் என் மகள் சொன்னாள்: முந்தின நாளிலிருந்து தாத்தா தன் பங்குத் தண்ணீரைப் பிள்ளைகள் இரண்டு பேரின் பாட்டிலிலும் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறார். கேட்டால், "எனக்குத் தாகமே இல்லம்மா." ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். கிரீன் ரிவர் ஊரில் வாங்கிய தர்ப்பூசணி ஒன்று மிச்சம் இருந்தது. அதை வெட்டி, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அந்த அரை மணி நேரத்தை நான் மறக்கப்போவதில்லை. கைபேசியில் ஒரு கோடுகூடச் சிக்னல் இல்லை. யாரைக் கூப்பிடுவது?

செவ்வாய் மத்தியானம் பாதை காய்ந்தது, வெளியே வந்தோம். ஊரில் பெட்ரோல் போடும்போது ஒருவர் சொன்னார், அதற்கு முந்தின வாரமும் ஒரு வண்டி இதே போல் மாட்டியதாம், உங்கள் ஆட்கள்தான் போய் இழுத்து வந்தார்களாம். அதைக் கேட்டபோது வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. தெரிந்திருந்தும் சொல்லவில்லை என்பதுதான் வலிக்கிறது. பணம் கட்டிய நொடியில் ரசீது வந்தது. எங்கள் இடம், தேதி, வண்டி எண், கைபேசி எண் எல்லாம் உங்களிடம் இருந்தன. ஒரு குறுஞ்செய்தி அனுப்பியிருந்தால், சிக்னல் இருக்கும் ஊரிலேயே இன்னும் முப்பது லிட்டர் நிரப்பியிருப்போம். எல்லா இடத்திலும் இப்போது இப்படித்தான் ஆகிவிட்டது, வாங்குகிற வேலை வேகமாக நடக்கிறது, பொறுப்பு மட்டும் நம் தலையில் வந்து விழுகிறது.

1869இல் ஜான் வெஸ்லி பவல் என்ற ஆய்வுப் பயணி பத்துப் பேராக நான்கு படகுகளில் இந்த ஆற்றில் இறங்கியபோது, முன்னால் என்ன இருக்கிறது என்று சொல்ல ஆளில்லை. எங்களுக்குச் சொல்ல நீங்கள் இருக்கிறீர்கள்.

மன்னிக்கவும், கோபத்தில் நீட்டிவிட்டேன். அங்கே வேலை செய்பவர்கள் மிகச் சிலர், பார்க்க வேண்டிய நிலம் மிகப் பெரிது என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. பாதை பிரியும் இடத்தில் ஒரு பலகை. தயவுசெய்து அடுத்த கோடை மழைக்கு முன்பாக, ஜூலைக்குள் வையுங்கள்.

நாங்கள் வெளியே வந்தபோது, அந்தத் திருப்பத்தில் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் உள்ளே திரும்பிக்கொண்டிருந்தது. வண்டியை நிறுத்தி, எவ்வளவு தண்ணீர் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். மூன்று கேலன், அதாவது பதினோரு லிட்டர் போல, என்றார்கள். ஊருக்குத் திரும்பிப் போய் நிரப்பிக்கொண்டு வரச் சொன்னேன். பலகைக்கு வேண்டிய மரமும் கம்பமும் ஒரு சனிக்கிழமை உழைப்பும் தர நானும் என் கணவரும் தயார். எழுத வேண்டிய வாசகத்தையும் நட அனுமதியையும் மட்டும் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் முகாமுக்கு மறுபடியும் வர விரும்பும் ஒரு குடும்பத்தலைவி