மெல்போர்னில் டென்னிஸ்: அப்பாவுக்கு ஒரு கடிதம்

மெல்போர்ன்,
பிப்ரவரி.

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நாங்கள் இங்கே நலம். உங்கள் நலமும் அம்மாவின் நலமும் அறிய ஆவல்.

சென்ற கடிதத்தில் இரண்டு கேள்விகள் கேட்டிருந்தீர்கள். அலுவலகம் முடிந்து களைத்து வருகிறவள் அதற்குப் பிறகும் மட்டையைத் தூக்கிக்கொண்டு போகத்தான் வேண்டுமா என்பது ஒன்று. உங்களோடு உட்கார்ந்து விம்பிள்டன் பார்ப்பதோடு நின்றிருந்தவளுக்கு, நாற்பதைத் தாண்டிய பிறகு ஆடும் ஆசை எப்படி வந்தது என்பது மற்றொன்று. தொலைபேசியில் இதற்கெல்லாம் நிதானமாகப் பதில் சொல்ல முடிவதில்லை என்பதால் எழுதுகிறேன்.

ஜனவரி பிறந்துவிட்டால், ஆஸ்திரேலிய ஓப்பன் நடக்கும் இந்த நகரத்தில் டென்னிஸ் கண்ணில் படாமல் நடமாட முடியாது. நகரின் நடுவிலிருந்து யாரா ஆற்றங்கரையோடு நடந்தே, போட்டி நடக்கும் மெல்போர்ன் பார்க் வளாகத்தை அடைந்துவிடலாம். நடக்க இயலாதவர்களுக்கு 70ஆம் எண் டிராம் இருக்கிறது. அங்குள்ள பெரிய அரங்கமான ராட் லேவர் அரங்கில் இரவு ஆட்டத்துக்கு இடம் பிடிப்பது செலவான காரியம். ஆனால் வளாகத்துக்குள் சுற்றிவர மட்டும் தனியாக ஒரு சீட்டு உண்டு. என்னைக் கேட்டால், முதல் வாரத்தில் அந்தச் சீட்டோடு வெளிக் கோர்ட்டுகளைச் சுற்றி வருவதற்கு ஈடான சந்தோஷம் வேறில்லை. நாம் தொலைக்காட்சியில் பார்க்கும்போது கேமரா கோர்ட்டுக்குப் பின்னால் உயரத்தில் இருக்கும். அங்கிருந்து பார்த்தால் பந்து வலைக்கு மேலே எவ்வளவு உயரத்தில் போகிறது, தரையில் பட்டு எவ்வளவு எழும்புகிறது என்பதெல்லாம் தெரியாது. எல்லாம் தட்டையாகத்தான் தெரியும். பக்கவாட்டில் வேலியோரம் நின்றபோதுதான், டாப்ஸ்பின் போட்டு, அதாவது முன்னோக்கிச் சுழலும்படி, அடித்த பந்து வலைக்கு மூன்று நான்கு அடி மேலே பறந்து, வெளியே போய்விடும் என்று நாம் நினைக்கிற நேரத்தில் சட்டென்று கோட்டுக்குள் இறங்கி, எதிராளியின் தோள் உயரத்துக்கு எகிறுவதைக் கண்ணால் கண்டேன். பல ஆண்டுகள் பார்த்து ரசித்த ஆட்டத்தின் பாதியை அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும்.

வெயிலைப் பற்றி அம்மா கவலைப்பட வேண்டாம். 2019 முதல் ஒன்றிலிருந்து ஐந்துவரை எண்ணிட்ட வெப்ப அளவுகோல் ஒன்றை வைத்திருக்கிறார்கள். ஐந்தைத் தொட்டால் வெளிக் கோர்ட்டுகளில் ஆட்டத்தை நிறுத்திவிடுவார்கள். பெரிய அரங்குகள் மூன்றுக்கும் திறந்து மூடும் கூரை உண்டு.

இங்குள்ள பழைய டென்னிஸ் கிளப்பான கூயோங்கின் பெயரை உங்கள் வாயிலிருந்துதான் நான் முதலில் கேட்டேன். நீங்கள் பள்ளியில் படித்த காலத்தில், 1966 டிசம்பர் இறுதியில், இந்தியா முதன்முறையாக, நாடுகளுக்கு இடையிலான டேவிஸ் கோப்பை இறுதிப் போட்டியில் ஆடியது அங்கேதான். ராமநாதன் கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும், அதற்கு முந்தைய ஆண்டு விம்பிள்டன் இரட்டையர் பட்டம் வென்றிருந்த நியூகோம்ப் - ரோச் இணையை அவர்களுடைய புல்தரையிலேயே தோற்கடித்தார்கள். ஒற்றையர் ஆட்டங்கள் நான்கும் கைவிட்டுப் போக, 4-1 என்று கோப்பை ஆஸ்திரேலியாவிடமே தங்கிவிட்டாலும், அந்த ஓர் இரட்டையர் ஆட்டத்தை நீங்கள் ஒரு வெற்றியாகவே சொல்லிச் சொல்லி எங்களை வளர்த்தீர்கள். ஜனவரியில் கூயோங் கிளப்பில் நடக்கும் காட்சிப் போட்டிக்குப் போயிருந்தேன். ரயில் நிலையத்துக்கு அருகிலேயே, லாட வடிவில் எழுப்பிய பழைய கான்கிரீட் அரங்கம் இன்றும் இருக்கிறது. 1987 வரை ஆஸ்திரேலிய ஓப்பனும் அங்கேதான் புல்தரையில் நடந்திருக்கிறது. 1988இல்தான் இப்போதைய வளாகத்துக்கும் கடினத் தரைக்கும் மாறியது. மாறிய அடுத்த ஆண்டிலேயே ராமநாதன் கிருஷ்ணனின் மகன் ரமேஷ் கிருஷ்ணன் இந்தப் புதிய வளாகத்தில், அப்போது உலகின் முதல் நிலை வீரராகவும் நடப்புச் சாம்பியனாகவும் இருந்த மேட்ஸ் விலாண்டரை இரண்டாம் சுற்றில் நேர் செட்டுகளில் வென்றார். தந்தை, மகன் இருவரிடமும் இடி போன்ற சர்வீஸ் கிடையாது. பந்தை எங்கே வைப்பது என்ற கணக்குத்தான் அவர்களுடைய பலம் என்று நீங்கள் சொல்வீர்கள். அந்தப் பேச்சு இப்போது கோர்ட்டில் நிற்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருகிறது.

2024 ஜனவரி 27 இரவு நம் ரோஹன் போபண்ணா ஆஸ்திரேலிய ஓப்பன் பட்டம் வென்றபோது நான் ராட் லேவர் அரங்கின் மேல் வரிசையில் இருந்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். பெண்கள் இறுதிப் போட்டி முடிந்து கூட்டத்தில் ஒரு பகுதி எழுந்து போன பிறகுதான் ஆண்கள் இரட்டையர் இறுதி தொடங்கியது. உடன் ஆடிய மேத்யூ எப்டன் ஆஸ்திரேலியர் என்பதால் அரங்கம் முழுவதும் எங்கள் பக்கம். முதல் செட்டில், 6-6 என்ற சமநிலையை முடித்துவைக்கும் டை-பிரேக்கரை எதிரணிக்கு ஒரு புள்ளிகூடக் கொடுக்காமல் முடித்தார்கள். அடுத்த செட் 7-5. நாற்பத்து மூன்று வயதில் கிராண்ட் ஸ்லாம் ஆண்கள் இரட்டையர் பட்டம், அதோடு உலகத் தரவரிசையில் முதலிடம். அவருடைய முழங்கால்களில் குருத்தெலும்பு தேய்ந்துபோய், வலி மாத்திரைகளோடு ஆடிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு என்றும், ஐயங்கார் முறை யோகாசனம்தான் தம்மை மீட்டது என்றும் அவரே சொல்லியிருக்கிறார். உங்கள் முழங்காலை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

இனி எங்கள் கிளப்பைப் பற்றி. கிளப் என்றதும் பெரிய மனிதர்கள் கூடும் இடம் என்று எண்ண வேண்டாம். உள்ளாட்சியின் நிலத்தில், விளக்குக் கம்பங்களோடு சில கோர்ட்டுகள், ஒரு சிறிய கட்டடம், அவ்வளவுதான். இப்படிப்பட்ட கிளப்புகள் இந்த நகரத்தின் புறநகர்ப் பகுதிகளெங்கும் இருக்கின்றன. எங்களுடையதில் சில கோர்ட்டுகள் செயற்கைப் புல்லின் மேல் மணல் தூவியவை. மற்றவை செந்நிறப் பொடித் தரை. பொடித் தரையில் ஆடி முடித்ததும், ஆடியவர்களே அகலமான துடைப்பத்தை இழுத்துக்கொண்டு வெளி ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சுற்றிச் சுற்றி வந்து கால்தடங்களை அழித்து, கோடுகளைத் தனியாகப் பெருக்கி, தண்ணீர் தெளித்துவிட்டுப் போக வேண்டும். வேலைக்கு ஆள் என்று யாரும் இல்லை. வந்த புதிதில் யாரையும் தெரியாத எனக்கு, பக்கத்தில் துடைப்பம் இழுத்தவர்களோடுதான் முதல் பேச்சே தொடங்கியது.

எங்கள் குழுவில் எழுபதைக் கடந்த ஓர் அம்மையார் இருக்கிறார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை. ஓட வேண்டிய இடத்துக்கு முன்கூட்டியே போய் நின்றிருப்பார். எதிராளி மட்டையைப் பின்னுக்கு இழுக்கும்போதே தோள் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துவிடுகிறார். வலையருகே நெருங்கினால் தலைக்கு மேல் லாப். பின்னால் நின்றால் வலையை ஒட்டி விழும் ஒரு டிராப். ஆட்டத்துக்கு நடுவர் கிடையாது. நம் பக்கம் விழும் பந்துக்கு நாம்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். வெளியே என்றால் ஆட்காட்டி விரலை உயர்த்துவது, உள்ளே என்றால் உள்ளங்கையைத் தரையை நோக்கி விரிப்பது. உறுதியாகத் தெரியவில்லை என்றால் புள்ளி எதிராளிக்கே போக வேண்டும். தோற்கும் நிலையில் இருந்தபோதும், கோட்டோரம் விழுந்த பந்தைக் கண்ட அந்த அம்மையாரின் கை ஒரு நொடிகூடத் தயங்காமல் தரையை நோக்கி விரிந்ததை நான் பார்த்திருக்கிறேன். பெரும்பாலான பெரிய போட்டிகளில் இன்று கோட்டு நடுவர்களின் இடத்தை மின்னணுக் கருவிகள் பிடித்துக்கொண்டுவிட்ட நிலையில், இந்த நேர்மை எங்களைப் போன்ற சிறிய கிளப்புகளில்தான் பிழைத்திருக்கிறது என்று தோன்றுகிறது.

ஆடத் தொடங்கிய பிறகு பார்க்கும் கண்ணும் மாறிவிட்டது. முன்பு பந்தோடு பார்வையும் அங்குமிங்கும் ஓடும். இப்போது ஆட்டக்காரரின் கால்களைத்தான் பார்க்கிறேன். எதிராளியின் மட்டை பந்தைத் தொடும் அதே கணத்தில் இவர் ஒரு சிறு துள்ளல் துள்ளி இரு கால்களையும் விரித்து இறங்குவார். எந்தப் பக்கம் பாய்வதற்கும் உடல் ஆயத்தமாவது அந்தத் துள்ளலில்தான். ஜோகோவிச் எப்படி எல்லாப் பந்தையும் எட்டிவிடுகிறார் என்று நாம் வியந்தோமே, அதில் பாதி இந்தத் துள்ளலின் நேரக் கணக்கு. அதேபோல, முதல் சர்வீஸ் தவறிய பிறகு இரண்டாவதைப் போடுகிறவருடைய நெஞ்சுரம் என்ன என்பது, நான் அங்கே நின்று கை கனக்க உணர்ந்த பிறகே புரிந்தது. இடுப்பில் உலோகம் வைத்த ஆண்டி மரே, 2023 ஆஸ்திரேலிய ஓப்பனில் இரண்டு செட்டுகள் பின்தங்கியிருந்து, 5 மணி 45 நிமிடம் ஆடி, அதிகாலை 4.05க்கு கோக்கினாகிஸை வென்றாரே, அதை வீட்டிலிருந்து விடிய விடியப் பார்த்துக் கண்கலங்கினேன். வெறும் ரசிகையாக மட்டும் இருந்திருந்தால் இரண்டாம் செட்டோடு தூங்கப் போயிருப்பேன்.

களைப்பைப் பற்றிக் கேட்டீர்கள். உடலுக்கு இது நல்லது என்பதற்கு என் அனுபவத்தைவிடப் பெரிய சான்றுகள் இருக்கின்றன. கோபன்ஹேகனில் 8,577 பேரை 25 ஆண்டுகள்வரை தொடர்ந்து கவனித்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், உடலுழைப்பு இல்லாதவர்களைவிட டென்னிஸ் ஆடியவர்கள் சராசரியாக 9.7 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்ததாகக் கண்டார்கள், இறகுப்பந்துக்கு 6.2, நீச்சலுக்கு 3.4, மெல்லோட்டத்துக்கு 3.2. டென்னிஸ் ஆடுகிறவர்கள் பெரும்பாலும் வசதியும் படிப்பும் உள்ளவர்களாக இருப்பதால் எல்லாப் பெருமையையும் மட்டைக்கே கொடுத்துவிட முடியாதுதான். ஆனால் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டிய ஒரு காரணம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது: தனியாக ஓடலாம், தனியாக நீந்தலாம், டென்னிஸ் ஆட இன்னொருவர் வேண்டும். உறவினர் எவரும் இல்லாத ஊரில், வாரந்தோறும் நம் வரவை எதிர்பார்த்து மூன்று பேர் காத்திருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை இங்கே வந்துதான் உணர்ந்தேன். நான் வராவிட்டால் அவர்களுக்கு இரட்டையர் ஆட்டமே இல்லை. அலுவலகக் களைப்பெல்லாம் அந்த எண்ணத்திலேயே பாதி போய்விடுகிறது.

முழங்கை வலி வந்ததை அம்மாவிடம் மறைத்திருந்தேன். இப்போது குணமாகிவிட்டதால் சொல்கிறேன். மட்டையின் நரம்பு இறுக்கத்தைக் குறைத்து, மென்மையான நரம்புக்கு மாறி, சிறிய எடையைக் கையில் பிடித்து மெதுவாகக் கீழிறக்கும் பயிற்சியைச் சில மாதங்கள் விடாமல் செய்ததில் சரியாகிவிட்டது. குளிர்காலத்தில் மழையும் காற்றும் அதிகமாக இருக்கும் மாலைகளில் உள்ளரங்கத்தில் இறகுப்பந்து ஆடுகிறேன். இந்தோனேசியர், மலேசியர், சீனர், நம்மவர் என்று அங்கே கூட்டம் நிறைந்திருக்கும். டென்னிஸ் மட்டை ஏறத்தாழ 300 கிராம், இறகுப்பந்து மட்டை 90 கிராமுக்கும் குறைவு. முன்கையைச் சுழற்றி அடிக்கும் பழக்கத்தோடு டென்னிஸ் கோர்ட்டுக்குத் திரும்பினால் முதல் கால் மணி நேரம் பந்து சொன்னபடி கேட்காது.

அப்பா, நீங்கள் பூப்பந்தில் நடு இடத்தில் நின்று ஆடியவர். கம்பளிப் பந்தைத் தரையில் விழவிடாமலே அடித்துப் பழகிய கை உங்களுடையது. டென்னிஸில் வலையருகே நின்று வாலி அடிக்க அந்தக் கைதான் வேண்டும், அதற்கு அதிகம் ஓடவும் வேண்டாம். அடுத்த ஜனவரியில் நீங்களும் அம்மாவும் இங்கே வர வேண்டும். காலையில் வெயில் ஏறுவதற்கு முன் கிளப்பில் ஒரு செட் இரட்டையர் ஆட்டம், பிறகு மெல்போர்ன் பார்க், ஒரு நாள் கூயோங் என்று மனத்தில் திட்டம் போட்டுவிட்டேன். நீங்கள் வருவதாகச் சொன்னதும் அந்த அம்மையார் உங்களைத் தம் பக்கம்தான் ஆட விட வேண்டும் என்று இப்போதே கேட்டுவிட்டார். முழங்காலுக்கு எந்த அளவுவரை ஆடலாம், அதற்குமுன் என்னென்ன பயிற்சி செய்ய வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டு எழுதுங்கள். கடவுச்சீட்டின் காலம் முடிவதற்குள் புதுப்பித்துவிடுங்கள். போட்டிக்கான சீட்டு விற்பனை அக்டோபர் வாக்கில் தொடங்கும். அதற்குள் உங்கள் பதில் வந்துவிட்டால் முதல் வாரத்துக்கே வாங்கிவிடுவேன், அம்மாவுக்கு நிழல் விழும் பக்கமாகப் பார்த்து.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்