மாகாண சபைத் தேர்தலுக்கு ஒரு திகதி சொல்லுங்கள்

இலங்கைப் பாராளுமன்றத்தின் 225 உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

எங்கள் ஊர்ப் பாடசாலையின் கணித ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார். பதிலுக்கு ஒருவரும் வரவில்லை. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் பேசி, பெற்றோர் எல்லோரும் கையெழுத்து வைத்து, மகஜர் ஒன்றை வலயக் கல்விப் பணிமனையில் கொடுத்தோம். வெற்றிடம் இருப்பது தங்களுக்கும் தெரியும், ஆனால் ஆளைத் தர வேண்டியது மாகாணத் திணைக்களம் என்றார்கள். அங்கே போனோம். புதிய நியமனம் என்றால் கொழும்பிலிருந்து அனுமதி வர வேண்டும் என்றார்கள். உங்களில் ஒருவர் எங்கள் பக்கம் வந்தபோது அவரிடமும் கேட்டோம். இது மாகாணப் பாடசாலை, மத்திய அமைச்சு நேரடியாகத் தலையிட முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று இடத்திலும் சொன்னதில் பொய்யில்லை, அதுதான் கொடுமை. இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் மாகாணக் கல்வி அமைச்சர். அப்படி ஒருவர் 2018 ஒக்டோபருக்குப் பிறகு வட மாகாணத்தில் இல்லை. மற்ற எட்டு மாகாணங்களிலும் இதே நிலைதான். ஊவாவின் காலமும் 2019இல் முடிந்த பிறகு இந்த நாட்டில் இயங்கும் மாகாண சபை என்று ஒன்றுகூட இல்லை.

தேர்தல் ஏன் நின்றது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2017 செப்டெம்பரில், பெண் வேட்பாளர்களின் பங்கை உயர்த்துவதற்காக வந்த சட்டமூலத்தில், திருத்தங்கள் சேர்க்கும் குழுநிலையில் கை வைத்து, தேர்தல் முறையையே மாற்றினீர்கள். தொகுதியும் விகிதாசாரமும் கலந்த அந்தப் புதிய முறைக்குத் தொகுதி எல்லைகளை வகுக்க வேண்டும். வகுத்து வந்த அறிக்கையை 2018 ஓகஸ்டில் 139 பேர் எதிர்த்து வாக்களித்தீர்கள். ஆதரித்து ஒரு வாக்கும் விழவில்லை. அறிக்கையைக் கொண்டு வந்த தரப்பே அதை எதிர்த்தது. அறிக்கை தோற்றால் அதை மீளாய்வு செய்யும் குழு இரண்டு மாதத்தில் தன் அறிக்கையைத் தர வேண்டும் என்பது சட்டம். அது வரவேயில்லை. எல்லை நிர்ணயம் முடியாமல் புதிய முறையிலும் நடத்த முடியாது, பழைய முறையைத்தான் நீங்களே நீக்கிவிட்டீர்கள் என்று 2019இல் உயர் நீதிமன்றமும் தன் கருத்தைச் சொல்லிவிட்டது. பூட்டியது பாராளுமன்றம். திறக்க வேண்டியதும் பாராளுமன்றம்தான். பழைய விகிதாசார முறையில் நடத்தலாம் என்று சட்டத்தைத் திருத்தித் தேர்தல் திகதியை அறிவியுங்கள். எங்கள் கோரிக்கை இவ்வளவுதான்.

இதில் என்ன அவசரம் என்று நினைப்பவர்கள் அந்தப் பாடசாலையில் படிக்கும் என் மகளின் வகுப்பில் ஒரு பாடவேளை இருந்து பார்க்க வேண்டும். கணித வேளைக்கு மணி அடித்தால் பக்கத்து வகுப்பு ஆசிரியை வாசலில் நின்று சத்தம் போடாதீர்கள் என்று சொல்லிவிட்டுத் தன் வகுப்புக்கு ஓடுகிறார். பிள்ளைகள் கடந்தகால வினாத்தாளைக் கொப்பியில் பார்த்து எழுதுகிறார்கள். விடையையும் பார்த்துத்தான் எழுதுகிறார்கள், ஏன் அப்படி வந்தது என்று சொல்ல ஆளில்லை. வசதியுள்ளவர்கள் பின்னேரம் பஸ்ஸில் டவுனுக்குப் போய் டியூசன் படிக்கிறார்கள். கூலிக்குப் போகும் வீட்டுப் பிள்ளைக்கு அதுவும் இல்லை. அடுத்த வருடம் சாதாரண தரம். கணிதத்தில் சித்தி இல்லாவிட்டால் உயர்தரத்தில் எத்தனை கதவுகள் அடைபடும் என்பது நீங்கள் அறியாததல்ல. ஒரு பிள்ளைக்குப் பத்தாம் வகுப்பு ஒருமுறைதான் வரும்.

நாட்டின் அரச பாடசாலைகளில் பெரும்பாலானவை மாகாணப் பாடசாலைகள். 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் கல்வி, சுகாதாரம், விவசாயம், மாகாண வீதிகள் என்று ஒரு பட்டியலை மாகாணங்களிடம் கொடுத்தது. அந்த விடயங்களில் நியதிச்சட்டம், அதாவது மாகாணத்துக்கான சட்டம், ஆக்கும் அதிகாரம் சபைக்கு, நிறைவேற்றுவது அமைச்சர் சபையின் ஆலோசனைப்படி ஆளுநர் என்பதுதான் ஏற்பாடு. இன்று சபையும் இல்லை, அமைச்சர்களும் இல்லை. ஆளுநர் மட்டும் இருக்கிறார். அவரை நியமிப்பவர் ஜனாதிபதி. அவர் இருப்பதும் போவதும் ஜனாதிபதியின் விருப்பம். ஆளுநர் நல்லவரா கெட்டவரா என்பது இங்கே பேச்சில்லை. அவரை எழுந்து நின்று கேள்வி கேட்க ஓர் ஆசனம்கூட இல்லை என்பதுதான் பேச்சு. மாகாணத்தின் வருடாந்தச் செலவைப் பற்றிப் பகிரங்கமாக வாதாட, வாக்காளர் அனுப்பிய ஒருவரும் இல்லை.

சபை இருந்த காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. 2013இல் 38 உறுப்பினர்களுடன் கூடிய வட மாகாண சபை தனக்குள்ளே சண்டை பிடித்ததையும், 2017இல் முதலமைச்சருக்கு எதிராகவே நம்பிக்கையில்லாப் பிரேரணை வந்ததையும் பார்த்து நாங்களும் சலித்துப் போனவர்கள்தான். ஆனால் அந்தச் சண்டை சபை கூடிய கைதடியில் எங்கள் கண் முன்னால் நடந்தது, அடுத்த நாள் பேப்பரில் வந்தது. பிடிக்காவிட்டால் அடுத்த முறை ஆளை மாற்றலாம் என்று இருந்தோம். அந்த அடுத்த முறையைத்தான் எங்களிடமிருந்து எடுத்துவிட்டீர்கள்.

நிறைவேற்று ஜனாதிபதி முறை 1978இல் வந்தது. ஒழிப்போம் என்ற வாக்குறுதியைக் குறைந்தது 1994இலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறோம். 19ஆவது திருத்தம் ஜனாதிபதியின் அதிகாரத்தைக் குறைத்தது, 20ஆவது திரும்பக் கூட்டியது, 21ஆவது மறுபடி கொஞ்சம் குறைத்தது. கொழும்பில் யாருக்கு எவ்வளவு என்ற இந்த இழுபறிக்கு மட்டும் உங்களுக்கு எப்போதும் நேரம் கிடைக்கிறது. எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும், தன் கைக்கு வந்துவிட்ட மாகாண அதிகாரத்தைத் திருப்பிக் கொடுக்க மனம் வருவதில்லை.

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆளும் தரப்பு உறுப்பினர்களிடம் தனியாக ஒரு வார்த்தை. 2024இல் உங்களுக்கு 159 ஆசனங்கள் கிடைத்தன. அதில் மூன்று யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்தும் இரண்டு வன்னியிலிருந்தும் வந்தவை. நம்பித்தான் எங்கள் மக்கள் வாக்களித்தார்கள். இந்தத் திருத்தத்தை நிறைவேற்ற வேறு எவருடைய தயவும் உங்களுக்குத் தேவையில்லை. 2025 மே மாதம் உள்ளூராட்சித் தேர்தலை நடத்திக் காட்டினீர்கள், அதற்கு நன்றி. புதிய அரசியலமைப்பு வரட்டும், நல்ல எல்லை நிர்ணயமும் வரட்டும், அவற்றுக்குக் காலம் எடுங்கள். அதுவரை தேர்தலைப் பிடித்து வைக்க வேண்டாம்.

எதிர்க்கட்சி உறுப்பினர்களும் ஒத்துழையுங்கள். உங்களில் சிலர் அந்த 139இல் இருந்தவர்கள்.

அடுத்த அமர்வுக்குள் திருத்தத்தைச் சபைக்குக் கொண்டு வந்து, தேர்தல் ஆணைக்குழு திகதி குறிக்க வழிவிடும்படி தயவாய்க் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வடக்கிலிருந்து, மாகாணப் பாடசாலை மாணவி ஒருவரின் தந்தை