பெரியவரிடம் நாளைக் கேட்காதே

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கு நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது.

போன வாரம் போனில் வருத்தப்பட்டாய். நீ பார்த்துக்கொள்ளும் ஜெருசலேம் பெரியவரிடம் பொழுது சாய்ந்ததும் "இன்று எத்தனையாவது நாள், ஐயா?" என்று ஆசையாகக் கேட்டாயாம். அவர் "நேற்று ஏழு" என்று மட்டும் சொல்லிவிட்டாராம். மறதி முற்றிவிட்டதோ என்று பயந்தாய். இல்லை தம்பி, அவர் தெளிவாகத்தான் இருக்கிறார். அது ஓமர் கணக்கு; யூதர்கள் பஸ்கா பண்டிகையின் இரண்டாம் நாளிலிருந்து 49 நாளை ஒவ்வொன்றாக எண்ணுவது. இருட்டிய பின் எழுந்து நின்று, ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுத்தான் "இன்று எட்டு நாள், அதாவது ஒரு வாரமும் ஒரு நாளும்" என்று எண்ண வேண்டும். அதற்கு முன் நீ கேட்டதற்கு "இன்று எட்டு" என்று பதில் சொல்லிவிட்டால், எண்ணியதாகவே ஆகிவிடும். பிறகு அந்த ஸ்தோத்திரத்தைச் சொல்ல முடியாது.

ஓமர் என்பது ஒரு அளவு. யாத்திராகமம் 16-இல், வனாந்தரத்தில் உணவாகக் கிடைத்த மன்னாவைத் தலைக்கு ஒரு ஓமர் சேர்த்தார்கள் அல்லவா? எப்பா என்ற பெரிய அளவில் பத்தில் ஒரு பங்கு. மிகுதியாகச் சேர்த்தவனுக்கு மீதியில்லை, கொஞ்சமாகச் சேர்த்தவனுக்குக் குறைவுமில்லை. லேவியராகமம் 23-இல் வரும் 'கதிர்க்கட்டு' என்பதும் எபிரெயத்தில் இதே ஓமர்தான். நம் வேதாகமத்தில் இரண்டு சொல்லாகப் பிரிந்துவிட்டதால், இத்தனை வருடம் வாசித்தும் எனக்குத் தெரியாமல் போயிற்று.

பஸ்காவின் இரண்டாம் நாளில் முதல் வாற்கோதுமையை அந்தக் காலத்தில் ஜெருசலேம் ஆலயத்தில் படைப்பார்கள். அதுவரை புதுத் தானியத்தில் ஒரு மணியும் வாயில் போடக் கூடாது. அன்றிலிருந்து 49 நாள் எண்ணினால், ஐம்பதாம் நாள் கோதுமை அறுப்பின் பண்டிகை. பெந்தெகொஸ்தே என்ற பெயரே அந்த ஐம்பதிலிருந்து வந்ததுதான். கி.பி. 70-இல் ஆலயம் இடிந்தது. படைக்க இடமில்லை, ஆனாலும் எண்ணுவதை யூதர்கள் விடவில்லை. இதைப் படித்த இரவு வெகுநேரம் விழித்திருந்தேன்.

உன் தாத்தா களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை 'ஒன்று' என்று சொல்ல மாட்டார், 'லாபம்' என்பார். நடுவில் பேச்சுக்கொடுத்து நீ அடி வாங்கியது நினைவிருக்கிறதா?

ஒன்றைக் கவனி. இரவில் மறந்துபோனால் மறுநாள் பகலில் ஸ்தோத்திரம் இல்லாமல் எண்ணிவிட்டு, அன்றிரவு வழக்கம்போல் தொடரலாம். பகலும் தவறிவிட்டால், மிச்ச நாள்களுக்கு எண்ணிக்கை உண்டு, ஸ்தோத்திரம் கிடையாது. தள்ளாத வயதில் அவருக்கு அந்த இழப்பு வேண்டாம். தூக்க மாத்திரை கொடுக்கும் முன், "எண்ணிவிட்டீர்களா ஐயா?" என்று மட்டும் கேள். நிற்கும்போது கையைப் பிடித்துக்கொள். தாடியை நறுக்கவும் வற்புறுத்தாதே. பழங்கால யூத குரு ரபி அகிவாவின் மாணவர்கள் 24,000 பேர் ஒருவரையொருவர் மதிக்காததால் இந்த நாள்களில் மாண்டார்கள் என்று யூதர்களின் மறை விளக்க நூலான தல்மூத் சொல்கிறது. அந்தத் துக்கத்துக்காகப் பலர் 33-ஆம் நாள் வரை முடி வெட்டுவதில்லை, திருமணமும் வைப்பதில்லை.

பதில் எழுதும்போது தேதிக்குப் பக்கத்தில் அது எத்தனையாவது நாள் என்றும் எழுது. நானும் காலண்டரில் குறித்துக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
அப்பா