கதிரவன் உதிக்காத கட்டுரை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு பதிப்பில் வாசகர் ஒருவர், இன்றைய இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்குச் சொந்தமாக நான்கு வரி தமிழில் எழுத வரவில்லை என்று வருந்தியிருந்தார். அவருடைய வருத்தம் நியாயமானதே. ஆனால் பழி முழுவதையும் கைப்பேசியின் தலையில் போட்டுவிட்டு அவர் கடிதத்தை முடித்துக்கொண்டதை என்னால் ஏற்க முடியவில்லை. மலேசியாவின் பினாங்கில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இடைநிலைப்பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்று, இப்போது சனிக்கிழமைகளில் ஆயர் ஈத்தாமில் சில பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்துவரும் எனக்கு, அந்தப் பழியில் ஆசிரியர்களாகிய எங்கள் பங்கு எவ்வளவு என்பது தெரியும்.

நாங்கள் கட்டுரை எழுதக் கற்பிக்கவில்லை. கட்டுரையில் ஒட்டுவதற்கான அலங்காரத் தொடர்களை நகலெடுத்துக் கொடுத்தோம். எந்த நிகழ்வாக இருந்தாலும் கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டித்தான் ஆக வேண்டும். எந்த அம்மாவுக்கும் கண்ணீர் தாரை தாரையாகத்தான் வழிய வேண்டும். ‘நான் ஒரு பேனா’ என்று தொடங்கும் தன்கதையில் பேனா கடையில் விற்கப்பட்டு, மாணவன் ஒருவனுக்கு உழைத்து, இறுதியில் குப்பைத்தொட்டியில் கிடந்து புலம்பும். பேனாவின் இடத்தில் குடை வரும், காலணி வரும், புத்தகப்பை வரும், குப்பைத்தொட்டி மட்டும் மாறாது. அந்தத் தாள்களை ஆண்டுதோறும் அச்சடித்து விநியோகித்தவர்களில் நானும் ஒருத்தி என்பதைச் சொல்லிவிட்டே மேலே எழுதுகிறேன்.

இவ்வாண்டு தைப்பூசம் முடிந்த வாரம், படிவம் இரண்டில், அதாவது இடைநிலைப்பள்ளியின் இரண்டாம் ஆண்டில் படிக்கும் என் மாணவன் ஒருவன், இங்குள்ள முருகன் கோயில் மலையைப் பற்றி ‘தண்ணீர்மலையில் தைப்பூசம்’ என்று எழுதிவந்தான். முதல் வரியிலேயே கதிரவன் உதித்துவிட்டான். “நீ எத்தனை மணிக்கு அங்கே போனாய்?” என்று கேட்டேன். மாமாவின் தண்ணீர்ப் பந்தலில் உதவி செய்ய விடியற்காலை நான்கு மணிக்கே போய்விட்டதாகச் சொன்னான். “நான்கு மணிக்கு ஏதப்பா கதிரவன்?” என்றதும் சிரித்துவிட்டான். பிறகு, ரதம் வரும் வழியெல்லாம் தேங்காய் குவிந்திருந்ததையும், உடைத்து முடித்தபின் சாலையில் நடந்ததையும் வாயால் சொல்லச் சொன்னேன். சொன்னதை அப்படியே எழுதச் சொன்னேன். இரண்டாம் முறை அவன் எழுதிவந்த கட்டுரை இப்படித் தொடங்கியது: “தேங்காய்த் தண்ணீர் காய்ந்துபோய் என் சிலிப்பர் ரோட்டில் ஒட்டிக்கொண்டு வந்தது.” பதின்மூன்று ஆண்டுகளாகத் தைப்பூசத்துக்குப் போய்வரும் அந்தப் பிள்ளை, தான் பார்த்ததை முதன்முதலாக எழுதியது அன்றுதான். ‘சிலிப்பர்’, ‘ரோடு’ ஆகியவற்றைச் செருப்பு, சாலை என்று மாற்ற எனக்கு ஐந்து நிமிடம் போதும். அந்த வரியைப் பெற இரண்டு வாரம் ஆயிற்று.

இலக்கியம் கற்பிப்பதிலும் இதே கோளாறுதான். குறளை மனனம் செய்தாயிற்று, பொருளையும் மனனம் செய்தாயிற்று, அடுத்த குறளுக்குப் போ என்று ஓடுகிறோம். “தீயினாற் சுட்டபுண் உள்ளாறும் ஆறாதே நாவினாற் சுட்ட வடு” என்பதைப் பிள்ளைகளிடம் கொடுத்து, முதலில் ‘புண்’ என்றவர் பிறகு ஏன் ‘வடு’ என்றார் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். என் வகுப்பில் கால் மணி நேரம் அமைதியாக இருந்தது. பிறகு ஒரு மாணவி, புண் என்றால் ஆறக்கூடியது, வடு என்றால் ஆறினபிறகும் நிற்பது, அதனால்தான் இரண்டாவதற்குப் புண் என்று பெயர் வைக்கவில்லை என்றாள். உரைநூலில் இருப்பதுதான் என்றாலும், அதை அவள் உரைநூலில் படித்துச் சொல்லவில்லை. மூன்று குறள் முடிக்க வேண்டிய நேரத்தில் ஒன்றுதான் முடிந்தது. அதற்காக நான் வருந்தவில்லை.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் உண்டு. தொடக்கப்பள்ளி இறுதியில் எழுதும் யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இலும், படிவம் மூன்றில் எழுதும் பி.டி.3 தேர்வு 2022இலும் அகற்றப்பட்டன. பள்ளி அளவில் மதிப்பீடுகள் இருந்தாலும், படிவம் ஒன்று முதல் மூன்று வரை அரசுத் தேர்வு இல்லாத மூன்று ஆண்டுகள் நம் கைக்கு வந்துள்ளன. என் பணிக்காலத்தில் நான் ஏங்கிய ஆண்டுகள் இவை. ஆனால் நடப்பது என்ன? படிவம் ஐந்தில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் மாதிரித் தாள்கள் படிவம் ஒன்றுக்கே இறங்கி வந்துவிட்டன. பதின்மூன்று வயதில் மாதிரிக் கட்டுரையை மனனம் செய்தவன், படிவம் நான்கில் தமிழ் இலக்கியப் பாடத்தை எடுத்து ஒரு நாவலை முழுதாகப் படிக்க வேண்டிவரும்போது மலைத்துப் போவதில் வியப்பில்லை.

பணியில் இருக்கும் ஆசிரியர்களின் சிரமத்தை நான் அறியாதவளல்ல. 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால்தான் இடைநிலைப்பள்ளியில் தாய்மொழி வகுப்பு நடத்தப்படும். அதுவும் பல இடங்களில் பள்ளி நேரம் முடிந்தபின், பசியோடும் களைப்போடும் உட்காரும் பிள்ளைகளுக்கு. 1816இல் பினாங்கு பிரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கிய இதே ஊரில், இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் இதுதான் நிலை என்பதைப் பற்றித் தனிக் கடிதமே எழுதலாம். ஆனால் நேரம் குறைவு என்பதாலேயே ஒரு தவணைக்குப் பத்துக் கட்டுரை என்பதை ஐந்தாகக் குறைத்து, ஒவ்வொன்றையும் இருமுறை எழுதவைப்பது நல்லது என்கிறேன். முதல் வரைவில் சிவப்பு மை வேண்டாம். ஓரத்தில் இரண்டு கேள்விகள் போதும். லகர ளகர ழகரப் பிழைகளையும் வலிமிகும் இடங்களையும் இரண்டாம் வரைவில் பார்த்துக்கொள்ளலாம், அங்கும் ஒரு முறைக்கு ஒரு வகைப் பிழை மட்டும். பிழைகளைக் கண்டுகொள்ளாமல் விடச் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வட்டமிட்டால் பிள்ளை மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு ஏட்டை மூடிவிடுகிறான் என்பது என் அனுபவம்.

தங்கள் இதழிடமும் ஒரு வேண்டுகோள். மாணவர் பகுதியில் மாதிரி விடைகளும் தேர்வு வழிகாட்டிகளும் நிறையவே வருகின்றன. அதில் வாரம் அரைப் பக்கத்தை, படிவம் ஒன்று முதல் மூன்று வரையிலான பிள்ளைகள் தாங்களே பார்த்ததை எழுதும் கட்டுரைகளுக்கு ஒதுக்கித் தாருங்கள். பரிசு வேண்டாம், பரிசு என்றதும் ஆசிரியர்களே எழுதிக் கொடுத்துவிடுவோம்.

என் மாணவனின் தைப்பூசக் கட்டுரையை, அவன் பெற்றோரின் இசைவுடன் இத்துடன் இணைத்துள்ளேன். வெளியிடுவதாக இருந்தால் எழுத்துப் பிழைகளைத் திருத்திக்கொள்ளுங்கள். சிலிப்பரை மட்டும் விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
ஆயர் ஈத்தாம், பினாங்கு.