மலிவான தேயிலையை ஏன் கொட்டினார்கள்? வரலாறு சொல்லிக்கொடுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

போட்டித் தேர்வுகளுக்கு வரலாறு சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க விடுதலைப் போருக்கு உடனடிக் காரணம் என்ன என்று கேட்டால், உங்கள் மாணவர்கள் தூக்கத்தில்கூட 'பாஸ்டன் தேநீர் விருந்து, 1773' என்று சொல்லிவிடுவார்கள். சரி, அன்று பிரிட்டனின் குடியேற்றமாக இருந்த பாஸ்டனில் தேயிலையைக் கடலில் ஏன் கொட்டினார்கள்? 'பிரிட்டன் வரியை ஏற்றியது, தேயிலை விலை தாங்கவில்லை' என்பார்கள். மாணவர்களைக் குறை சொல்லவில்லை. ஒரு வரிக் குறிப்பு அவ்வளவுதான் தாங்கும். ஆனால் அந்த ஒரு வரி தப்பு.

1773 மே மாதத்துத் தேயிலைச் சட்டம் வரியை ஏற்றவே இல்லை. பவுண்டு எடைக்கு 3 பென்ஸ் வரி 1767ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே வந்துவிட்டது. புதிய சட்டம், கிழக்கிந்தியக் கம்பெனி இடைத்தரகர்களை விட்டுவிட்டுச் சரக்கை நேரே அமெரிக்காவுக்கு அனுப்ப வழிவிட்டது. இங்கிலாந்தில் கட்டிய சுங்கமும் கம்பெனிக்குத் திரும்பக் கிடைத்தது. டச்சுக்காரர்களிடமிருந்து கள்ளத்தனமாக வந்துகொண்டிருந்த தேயிலையைவிடக் கம்பெனிச் சரக்கை மலிவாக விற்க முடியும் என்றானது. அந்த மலிவுச் சரக்கைத்தான் டிசம்பர் 16 இரவு 3 கப்பல்களிலிருந்து 342 பெட்டிகள் பாஸ்டன் துறைமுகத்தில் தள்ளினார்கள்.

கள்ளக்கடத்தலில் காசு பார்த்த வணிகர்களுக்கு வயிறு எரிந்தது உண்மை. அதை மறைக்க வேண்டாம். ஆனால் அந்த வரிப்பணம் எங்கே போனது என்று பாருங்கள். அதுவரை, பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸின் ஆளுநருடைய சம்பளத்தை அங்குள்ள மக்கள் சபைதான் ஒதுக்கியது. ஆளுநர் லண்டன் சொன்னபடி ஆடினால், சபை பணத்தை இழுத்துப் பிடிக்கும். இனி ஆளுநருக்கும் நீதிபதிகளுக்கும் சுங்க வருமானத்திலிருந்து மன்னரே சம்பளம் கொடுப்பார் என்று ஆனதும், சபை கையிலிருந்த பெரிய கடிவாளம் போயிற்று. மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒரு கோப்பை குடித்தாலும் 3 பென்ஸ் வரியை ஒப்புக்கொண்டதாகிவிடும். கண்ணி அங்கேதான் இருந்தது.

இதேபோல ஒன்று 1764இலும் நடந்தது. சர்க்கரைச் சட்டம் மொலாசஸ் எனும் கரும்புப் பாகு மீதான வரியைக் கேலனுக்கு 6 பென்ஸிலிருந்து 3 ஆகக் குறைத்தது. குறைத்ததற்கா கோபம்? பழைய 6 பென்ஸை யாரும் ஒழுங்காகக் கட்டியதில்லை. இந்த 3 பென்ஸைக் கறாராக வசூலிக்க ஏற்பாடு செய்தார்கள். கடத்தல் வழக்குகளை ஜூரி இல்லாத கடல்சார் நீதிமன்றங்களுக்குக் கொண்டுபோனார்கள். பிரெஞ்சுக்காரர்களுடன் நடந்து 1763இல் முடிந்த ஏழாண்டுப் போர் பிரிட்டனின் கடனைக் கிட்டத்தட்ட இரட்டிப்பாக்கியிருந்ததால் வந்த கெடுபிடி அது. அடுத்த ஆண்டே பத்திரம், செய்தித்தாள் போன்றவற்றுக்கு வரி போட்ட முத்திரைச் சட்டம். எதிர்ப்பில் 1766இல் அதை ரத்து செய்தபோது, கூடவே இன்னொரு சட்டமும் போட்டார்கள்: எந்த விஷயத்திலும் அமெரிக்கக் குடியேற்றங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் இயற்ற நாடாளுமன்றத்துக்கு உரிமை உண்டு என்று. பணம் கைவிட்டுப் போனாலும் உரிமையை விடவில்லை. இந்தச் சட்டத்தைத் தேர்வில் யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

1776 விடுதலைப் பிரகடனத்தையே படித்துக் காட்டலாமே. மன்னர் மீதான குற்றச்சாட்டுகளின் நீண்ட பட்டியலில் வரிவிதிப்பைப் பற்றி ஒரே ஒரு வரிதான். தேயிலை என்ற சொல்லே கிடையாது. சபைகளைக் கலைத்தது, நீதிபதிகளின் பதவியையும் சம்பளத்தையும் தன் கையில் வைத்துக்கொண்டது, அமைதிக் காலத்தில் படையை நிறுத்தியது, இவைதான் அதில் நிறைந்திருக்கின்றன.

அந்தப் பட்டியலில் அழகில்லாததும் உண்டு. அப்பலாச்சியன் மலைகளுக்கு மேற்கே குடியேறக் கூடாது என்று 1763இல் மன்னர் கோடு கிழித்தார். நிலத்தில் பணம் போட்டிருந்த ஜார்ஜ் வாஷிங்டன் போன்றவர்களுக்கு அது பிடிக்கவில்லை. அங்கே ஏற்கெனவே வாழ்ந்த பூர்வகுடிகளைப் பிரகடனம் இரக்கமற்ற காட்டுமிராண்டிகள் என்கிறது. கிளர்ச்சிக்காரர்களிடமிருந்து தப்பி வந்து மன்னருக்காக ஆயுதம் ஏந்தும் அடிமைகளுக்கு விடுதலை என்று வர்ஜீனியா ஆளுநர் டன்மோர் 1775 நவம்பரில் அறிவித்ததும், தயங்கிக்கொண்டிருந்த பண்ணை முதலாளிகள் பலர் கிளர்ச்சிப் பக்கம் சாய்ந்தார்கள். சுதந்திரம் கேட்டவர்களில் பலர் அடிமைகளை வைத்திருந்தவர்கள். இதையும் வகுப்பில் சொல்லுங்கள்.

நம் மாணவர்களுக்கு இன்னும் நெருக்கமான நூல் ஒன்றும் இதில் ஓடுகிறது. கம்பெனிக்கு ஏன் அவ்வளவு அவசரம்? 1769இல் ஐதர் அலியின் படை சென்னையின் வாசல்வரை வந்து உடன்படிக்கைக்கு இறங்க வைத்தது. அந்தப் போர்ச் செய்திகள் லண்டனில் கம்பெனியின் பங்கு விலையைச் சரித்தன. 1770இல் வங்காளத்தில் பெரும் பஞ்சம். கிடங்குகளில் விற்காத சீனத் தேயிலை தேங்கிக் கிடந்தது. 1773இல் கம்பெனி அரசிடம் கடன் கேட்டுக் கையேந்தியது. தேயிலைச் சட்டம் அந்த நெருக்கடியில் பிறந்தது. அமெரிக்கர்களுக்கும் இது தெரிந்திருந்தது. பென்சில்வேனியாவின் அரசியல்வாதி ஜான் டிக்கின்சன் அந்த ஆண்டு இறுதியில் புனைபெயரில் எழுதிய ஒரு மடலில், வங்காளத்துப் பஞ்சச் சாவுகளைச் சுட்டிக்காட்டி, அதே கம்பெனி இங்கே வருகிறது என்று எச்சரித்தார்.

உங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. தேதியும் பெட்டிக் கணக்கும் இருந்துவிட்டுப் போகட்டும். அடுத்த மாதிரித் தேர்வில் ஒரு கேள்வியை மட்டும் சேருங்கள்: 'தேயிலைச் சட்டத்தால் பாஸ்டனில் தேயிலை விலை ஏறியிருக்குமா, இறங்கியிருக்குமா? உங்கள் விடைக்குக் காரணம் கூறுக.'

அன்புடன்,
வரலாறு விரும்பும் ஒரு வாசகர்