டிரம்மின் வாய் எத்தனை அங்குலம்?

அன்புள்ள மீனாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்று ராத்திரி போனில், உங்கள் தெருவில் இரண்டு பேருக்கு டெங்கு என்று சொன்ன கையோடு, "எனக்குத்தான் சின்ன வயசிலேயே வந்துபோச்சே, இனிமே வராதுப்பா" என்று சிரித்தாய். அம்மை மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறாய் போல. போனில் விளக்க ஆரம்பித்தால் பாதியில் "மீட்டிங் இருக்குப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

டெங்கு வைரஸில் நான்கு வகை இருக்கிறது. ஒரு வகை வந்து போனால் அது மட்டும்தான் ஆயுசுக்கும் திரும்ப வராது. மற்ற மூன்றும் வரலாம். அவற்றுக்கு எதிராகக் கிடைக்கும் பாதுகாப்பு சில மாதங்களுக்குத்தான், உனக்கு அது எப்போதோ தீர்ந்துபோயிருக்கும். இதில் மோசம் என்னவென்றால், முதல் தடவை உன் உடம்பு தயாரித்து வைத்த எதிர்ப்பொருள், இரண்டாவதாக வேறு வகை வரும்போது அதன் மேல் போய் ஒட்டிக்கொள்ளும், ஆனால் அடக்காது. அந்த எதிர்ப்பொருளையே பிடியாக வைத்து வைரஸ் வெள்ளணுவுக்குள் ஏறி அங்கேயே பெருகும். காவலுக்கு நிறுத்திய ஆளே திருடனைக் கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிவந்த கதை. எல்லாருக்கும் இப்படி ஆவதில்லை. இரண்டாம் தடவை வந்தும் பெரும்பாலானவர்கள் ஒரு வாரத்தில் எழுந்து நடமாடத்தான் செய்கிறார்கள். ஆனால் முதல் தடவை வருகிறவரைவிட உனக்கு ஆபத்து கூடுதல். அது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

உனக்கு டெங்கு வந்த 2012 உனக்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ. அந்த வருஷம் தமிழ்நாட்டில் 12,000 பேருக்கு மேல் டெங்கு, 66 பேர் போய்விட்டார்கள். நம் திருநெல்வேலிப் பக்கம்தான் பலமாக அடிவாங்கியது. கடையநல்லூர் பெயர் பேப்பரில் வராத நாள் இல்லை. டெங்கு என்று சொல்லத் தயங்கி 'மர்மக் காய்ச்சல்' என்றே பேசிக்கொண்டிருந்தார்கள். மர்மமாவது ஒன்றாவது. சுகாதார ஆய்வாளர்களான எங்கள் டார்ச் வெளிச்சத்தில் அது தொட்டிக்குள் கொசுப்புழுவாக நெளிந்துகொண்டிருந்தது.

டெங்குவை மழைக்கால நோய் என்பார்கள். பாதிதான் சரி. அந்த வருஷம் வெயில் கொளுத்தும்போதே பரவியது. நம் தெருவில் எட்டு நாளைக்கு ஒரு தடவை குழாயில் தண்ணீர் வந்த காலம் அது. சனங்கள் என்ன செய்வார்கள்? தொட்டி, டிரம், குடம், அண்டா என்று இருக்கிறதில் எல்லாம் பிடித்து வைத்தார்கள். டெங்குவைப் பரப்புகிற ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை வேண்டாம், அசையாத நல்ல தண்ணீர்தான் வேண்டும். குடிக்கத் தண்ணீர் இல்லாத வீட்டில் போய் "தண்ணீர் தேக்கி வைக்காதீங்க" என்று நோட்டீஸ் கொடுத்த வேலையை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

இன்னொரு கூச்சமும் உண்டு. உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. நீ காய்ச்சலில் விழுந்த மூன்றாம் நாள், என்னோடு கொசு ஒழிப்பு வேலை பார்த்த மஸ்தூர் (கூலிப் பணியாளர்) அம்மா ஒருவர் வீட்டுக்கு வந்து, "சார், உங்க வீட்டையும் ஒரு பார்வை பார்த்துரட்டுமா?" என்றார். கொல்லைப்புறத்தில் ஆச்சியின் பழைய ஆட்டுரல் கிடந்ததே, அதன் குழியில் ஒரு டம்ளர் தண்ணீர்தான் இருக்கும். முழுக்கப் புழு. ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருந்த தட்டிலும் அப்படியே. ஊரெல்லாம் கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்து ஊற்றச் சொல்லிச் சண்டை போட்ட சுகாதார ஆய்வாளரின் வீடு! அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் உரலைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.

ஆஸ்பத்திரியில் நான்காம் நாள் உனக்குக் காய்ச்சல் இறங்கியது. வீட்டுக்குக் கூட்டிப் போகலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். "இனிமேதான் சார் பார்க்கணும்" என்றார். எத்தனையோ கூட்டத்தில் நானே பேசிய விஷயம், சொந்தப் பிள்ளை என்றதும் மறந்துவிட்டது. காய்ச்சல் விடுகிற அந்த ஒன்றிரண்டு நாளில்தான் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து சிலருக்கு ரத்த அழுத்தம் விழும். தாங்காத வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், கை கால் சில்லிடுவது, காரணமில்லாத அசதி, இதில் எது வந்தாலும் நேரம் பார்க்காமல் ஓட வேண்டும். வராந்தாவில் எல்லாரும் கிரிக்கெட் ஸ்கோர் கேட்கிற மாதிரி "பிளேட்லெட் எத்தனை?" என்றே கேட்டுக்கொண்டிருந்தோம். டாக்டரோ நீர் கசிந்து ரத்தம் கெட்டிப்படுகிறதா, நீ எத்தனை தடவை சிறுநீர் கழித்தாய் என்று பார்த்துக்கொண்டிருந்தார். நிலவேம்பு, பப்பாளி இலைச்சாறு கொடுத்தவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அதை நம்பி வீட்டிலேயே உட்கார்ந்திருந்தவர்களோடுதான்.

இதே கொசுதான் 2006-ல் ஆச்சிக்குச் சிக்குன்குனியாவையும் கொடுத்தது. கோழியால் வருகிறது என்று யாரோ கிளப்பிவிட, நம் தெருவில் கொஞ்ச நாள் கோழிக்கறியே இல்லை. அந்தப் பெயர் தான்சானியாவில் மகொண்டே மக்கள் பேசும் மொழிச் சொல். உடம்பை வளைத்துப் போடுவது என்று அர்த்தம். ஆச்சியைப் பார்த்தவர்களுக்கு அர்த்தம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாசக்கணக்கில் விரல் மடங்காமல் அரிவாள்மணையைக்கூடப் பிடிக்க முடியாமல் கிடந்தாள்.

சரி, உன் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். லாரித் தண்ணீர் வருகிற குடியிருப்பு, டிரம்மில் பிடிக்காமல் முடியாது. பிடி. ஆனால் வாரம் ஒருநாள் காலி செய்து உள்சுவரைப் பிரஷ் போட்டுத் தேய். வெறுமனே கொட்டினால் பிரயோஜனம் இல்லை. முட்டை தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாசக்கணக்கில் சாகாது, திரும்பத் தண்ணீர் பட்டதும் பொரியும். முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள். அதனால்தான் வாரக் கணக்கு. பால்கனியில் பாட்டிலில் மணிபிளாண்ட் வைத்திருக்கிறாயே, அதை மண்ணுக்கு மாற்று. ஏசித் தண்ணீர் சொட்டுகிற இடத்தையும் பார். ராத்திரி கொசுவர்த்தி ஏற்றுவது உன் இஷ்டம், ஆனால் இது பகலில், அதுவும் காலையிலும் சாயங்காலமும் கடிக்கிற கொசு. நீ லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கும்போது மேஜைக்கு அடியில் காலைத்தான் தேடும்.

காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும். ஐபுரூஃபன், ஆஸ்பிரின் பக்கமே போகாதே, ரத்தக் கசிவைக் கூட்டிவிடும். டாக்டரிடம் முதல் வார்த்தையாக "2012-ல் டெங்கு வந்திருக்கிறது" என்று சொல். பழைய சீட்டை அம்மா பீரோவில் வைத்திருந்தாள், படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன்.

அப்புறம், டிரம்மின் வாய் எத்தனை அங்குலம் என்று அளந்து சொல். அம்மா வலைத்துணி வாங்கி வைத்துவிட்டாள், எலாஸ்டிக் வைத்துத் தைக்க அளவு கேட்கிறாள். மூடி இருக்கிறது என்று சொல்லாதே. போன தடவை வந்தபோது பார்த்தேன், அது உடைந்திருக்கிறது.

அன்புடன்,
அப்பா